மாடிக்காரரின் ஜோக்கும் மாஸ்டரின் குடும்பமும்

மாடிக்காரர் இறந்துபோன செய்தி வந்தபோது டிரைவிங் மாஸ்டர் ஒரு பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் அத்தனை பேருடைய வாயையும் திறக்கச் சொல்லி அதட்டுகிற டாக்டர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் தன் வாயை இறுக்க மூடிக்கொள்வார். மாஸ்டரின் மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. மாடி அரங்கில் டிக்கெட் கிழிக்கிறவர் அனுப்பியிருந்தார்: "நம்ம ஆள் போயிட்டாரு. தூக்கத்துலயே." மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டார். கார் குலுங்கி நின்றது.

"நான் சரியாத்தானே வந்தேன் மாஸ்டர்?" என்றார் டாக்டர், முகம் வெளிறிப்போய்.

"நீங்க சரியாத்தான் வந்தீங்க டாக்டர். இது என் பிரேக்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏதோ ஜோக் என்று நினைத்துவிட்டார், பாவம். மாஸ்டர் வாயைத் திறந்தாலே சிரிப்பது அந்த ஊரில் பழக்கமாகிப் போயிருந்தது. அவருக்குப் பெயரே 'சிரிப்பு மாஸ்டர்'. வேறு எந்த டிரைவிங் ஸ்கூலிலும் தேறாமல் அழுதுகொண்டு வருகிறவர்கள் எல்லாம் கடைசியில் இவரிடம்தான் வந்து சேருவார்கள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, பழைய கார் இரண்டு, மூடிக்கிடக்கும் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பொட்டல் மைதானம். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். ஆனாலும் ஆள் குறைந்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டர் அடித்த ஜோக்கில் ஒன்றுகூட மாஸ்டருடையது இல்லை! எல்லாம் மாடிக்காரருடையது.

மாடிக்காரர் என்றால் யார் என்று கேட்பீர்கள். டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அரங்கம். சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரு ஸ்டூலும் மைக்கும் வைத்துக்கொண்டு, தனியாளாக, பேசியே சிரிக்கவைக்கிற மனிதர் அவர். டிவிக்கு வர மாட்டார். யாரும் படம் பிடிக்கக்கூடாது, பதிவு செய்யக்கூடாது. கேட்கவேண்டுமென்றால் படியேறி வரவேண்டும். வந்தவர்கள் மறுபடி மறுபடி வந்தார்கள். வராதவர்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அதுதான் மாஸ்டருக்கு வசதியாகப் போயிற்று.

மாடிக்குப் போவதற்கு முன்னால் நம்ம மாஸ்டர் எப்படி இருந்தார் தெரியுமா? சிடுமூஞ்சி. "கிளட்ச்! கிளட்ச்! காது கேக்கலையா?" என்று கத்துவார். ஒரு பெண்மணி நடுரோட்டில் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். இவருக்கு நல்லபடியாக நாலு வார்த்தை பேசத் தெரியாது, அதுதான் உண்மை. அப்போதுதான் ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கப் போய், டைல்ஸ் கடைப் படியில் நின்று, மேலே கேட்ட சிரிப்புச் சத்தத்தில் படியேறிவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த நாள் விலா வலித்தது. அந்த வலியோடு மைதானத்துக்குப் போய், கை கால் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மாடியில் கேட்ட ஒன்றை அப்படியே சொன்னார். பெரியவர் சிரித்தார். சிரிக்கிற கால் நடுங்காது என்று மாஸ்டர் அன்றைக்குக் கண்டுகொண்டார். கிளட்ச் வெண்ணெய் மாதிரி மேலே வந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறியதில்லை. வீட்டில் கேட்டால் "பயந்தாங்கொள்ளிகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்று சொல்லிவிடுவார். அதுவும் பாதி உண்மைதான்.

வீடு என்றேனே, அங்கேதான் சிக்கல். மாஸ்டரின் மனைவியும் ஒரு காலத்தில் அவரிடம் வண்டி பழக வந்தவள்தான். ஒருநாள் மேட்டுச் சிக்னலில் வண்டி அணைந்துபோய், பின்னால் இருக்கிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்க, அவள் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மாஸ்டர் சொன்னார்: "அவங்க நம்மளத் திட்டலைம்மா. பிரேக் வேலை செய்யுது, கியர் வேலை செய்யுது, ஹாரனும் வேலை செய்யுதான்னு பாத்துக்கறாங்க. பாக்கட்டும், பாவம்." அழுத முகத்தோடு அவள் சிரித்தாள். மேட்டில் வண்டியை எடுத்தாள். அந்த வருஷமே கல்யாணம் ஆயிற்று. இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். தெருவில் எல்லோருக்கும் 'வேன் அக்கா'.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அவளுடைய அப்பா போனபோது அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. இருட்டிய பிறகு மாஸ்டர் வந்து வீட்டு விளக்கையெல்லாம் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தியா, எல்லா லைட்டும் எரியுது. அணைங்கடான்னு கத்தத்தான் ஆள் இல்ல" என்றார். அவள் அப்பா மின்சாரச் செலவுக்குக் கத்துகிறவர். அவள் ஒரு கணம் சிரித்து, அப்படியே உடைந்து அழுது, பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டாள். "எங்கப்பாவ உங்களை மாதிரி யாரும் புரிஞ்சுக்கலைங்க" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் நைசாகப் பேச்சை மாற்றிவிடுவார். அதுவும் மாடியில் கேட்டதுதானே!

மாடிக்காரர் போன மறுநாள் வெடி வெடித்தது. அரங்கின் சவுண்டுக்காரர் யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்காக எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்கிறாராம். குடும்பத்தாரும் சம்மதித்துவிட்டார்களாம். நாளையிலிருந்து வாரம் முழுக்கக் காலை நேரத்தில் ரேடியோவில் ஒலிபரப்பு. ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் நினைவுக் கூட்டம்.

காலை நேரம் என்றால் வேன் நேரம். வேனில் பிள்ளைகளுக்காக ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். மாஸ்டருக்கு அழுகை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தன்னை மனுஷனாக்கினவர் போய்விட்டார், ஓரமாக உட்கார்ந்து நாலு சொட்டுக் கண்ணீர் விடலாமென்றால் அதற்கும் வழியில்லை. எதற்கு அழுகிறீர்கள் என்று மனைவி கேட்டால் என்ன சொல்வது? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். "தண்ணி வீணாகுது" என்று அவள் கதவைத் தட்டினாள்.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து, திருடன் மாதிரி வேனுக்குள் புகுந்து, டாஷ்போர்டுக்குக் கீழே துழாவி, ரேடியோ ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து படுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் வண்டிப் பாடம் நடத்துகிறவர், அந்தப் பழைய வேனில் ரேடியோவுக்கும் ஹாரனுக்கும் ஒரே ஃப்யூஸ் என்பதை மறந்துபோனார். இன்னொன்றையும் மறந்தார். வண்டி எடுப்பதற்கு முன்னால் ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அதை ஒருநாள்கூட விடாமல் செய்கிற ஒரே மாணவி அவருடைய மனைவி.

"ஏங்க, ஹாரன் அடிக்கல. ஃப்யூஸ் ஒண்ணையே காணோம்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"எலி ஏதாவது..."

"எலி ஃப்யூஸை மட்டும் கழட்டிட்டு, மூடியையும் பழையபடி மாட்டி வெச்சிட்டுப் போகுமா?"

மாஸ்டர் திருதிருவென்று முழித்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. ஹாரன் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றிப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வராது, அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்தான். பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "சாயங்காலம் பேசிக்கறேன்" என்று வாங்கிப் போய் மாட்டினாள். ஹாரன் அடித்தது. ரேடியோவும் பாடியது.

சாயங்காலம் வரை மாஸ்டர் எப்படித்தான் உயிரோடு இருந்தாரோ! அவள் வந்து வேன் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"காலையில ரேடியோவுல நீங்க பேசினீங்க" என்றாள். "குரல்தான் வேற."

மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணம்கறது டிரைவிங் ஸ்கூல் மாதிரி, ஓட்டறது ஒருத்தர், பயப்படறது பக்கத்துல இருக்கறவர்னு நம்ம கல்யாணத்துல சொன்னீங்களே. எங்க சித்தப்பா இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாரு. அது அந்த ஆளோடதா?"

"ஆமாம்மா."

"மேட்டுச் சிக்னல்ல சொன்னது?"

"அதுவும்தான்." பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: மழை, மாடி, சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எங்கப்பா போனப்ப சொன்னது?" என்றாள் கடைசியாக. அவள் குரல் சின்னதாகிவிட்டது. "அதுவுமா?"

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "ச்சே, ச்சே. அது நான் சொன்னதுதான்" என்றார். சொன்ன மாத்திரத்தில் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அவளும் சரி என்று தலையாட்டினாள். "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றாள். "இருபது வருஷமா நம்ம வீட்டுல பேசிக்கிட்டிருந்த மனுஷன். ஒரு மரியாதைக்காவது போக வேணாமா?"

அந்த வாரம் மாஸ்டருக்கு நரகம்தான். தினமும் காலையில் ஒலிபரப்பு. இன்றைக்கு அந்த லைட் ஜோக் வந்துவிடுமோ, நாளைக்கு வந்துவிடுமோ என்று உதறல். மைதானத்திலும் வாய் அடைத்துப்போயிற்று. மாடிக்காரர் ஜோக்கைச் சொல்ல மனசு வரவில்லை, சொந்தமாகச் சொல்ல சரக்கு இல்லை. பயிற்சிக்கு வரிசையாக வைத்திருந்த கூம்புகள்மீது பல் டாக்டர் ஒன்றுவிடாமல் வண்டியை ஏற்றினார். "மாஸ்டர், உடம்பு சரியில்லையா? பல் ஏதாவது வலிக்குதா?" என்று அக்கறையோடு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் கடைப் படியில் ஏற இடமில்லை. கூட்டம் தெருவரை நின்றது. ஸ்டூலும் மைக்கும் வழக்கமான இடத்திலேயே இருந்தன, ஆள்தான் இல்லை. அதைப் பார்த்ததும் மாஸ்டர், பக்கத்தில் மனைவி இருக்கிறாள் என்பதைக்கூட மறந்து தேம்பினார். அவள் தன் கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸம்மா சொன்னார்: "பழைய பஞ்சைப் பிரிக்கறப்ப வலி உயிர் போகும். நான் இவரோட ஜோக் ஒண்ணு சொல்லுவேன், அவங்க சிரிக்கறப்ப சட்டுனு பிரிச்சிடுவேன். நான் சொந்தமா சொல்றேன்னுதான் வார்டுல நெனச்சுக்கிட்டிருக்காங்க." லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து கதவு வழியாக இவருடைய கதையைச் சொல்லித்தான் வேலை பார்ப்பாராம். ஒரு மருமகள், பேசவே பேசாத மாமியாரை இவருடைய ஜோக்கைச் சொல்லித்தான் பேசவைத்தாராம். மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். தான் ஒருவன்தான் திருடன் என்று நினைத்தால், அரங்கம் முழுக்க அதே கதை! பக்கத்தில் இருந்த கணவன்மாரும் மனைவிமாரும் ஒருவரையொருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

மாடிக்காரரின் மனைவி எழுந்தார். ஒல்லியான அம்மா, கண் வீங்கியிருந்தது. "அவருக்கு எல்லாம் தெரியும்" என்றார். "இருட்டுல உங்க உதடெல்லாம் அசையுமாம். மனப்பாடம் பண்றீங்கன்னு புரிஞ்சுக்குவாரு. வீட்டுல படபடன்னு பேசற மனுஷன், இங்க மட்டும் உங்களுக்காகத்தான் நிறுத்தி நிறுத்திப் பேசுவாரு. ராத்திரி வந்து, இன்னிக்கு நெறைய பேர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்கன்னு சந்தோஷமா சொல்லுவாரு. நீங்க யாரும் சங்கடப்படாதீங்க."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்போது சவுண்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டினார். மாடிக்காரரின் குரல் அரங்கத்தை நிறைத்தது.

"எங்கப்பா போயிட்டாரு. இப்ப எங்க வீட்டுல எல்லா லைட்டும் எரியுது. அணைங்கடான்னு கத்தத்தான் ஆள் இல்ல..."

யாரும் சிரிக்கவில்லை. அங்கங்கே விசும்பல் கேட்டது. மாஸ்டர் தன் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. திரும்பத் தைரியம் இல்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிட்டாள். போகிறாள், என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். காலடிச் சத்தம் படிப் பக்கம் போகவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் மைக்குக்கு முன்னால் நிற்கிறாள்.

"நான் ஸ்கூல் வேன் ஓட்டறேன்" என்றாள். "இந்த இடத்துக்கு இன்னிக்குத்தான் முதல் தடவை வரேன். எங்க வீட்டுல இருபது வருஷமா ரெண்டு ஆம்பளைங்க இருந்திருக்காங்க. எனக்கு இந்த வாரந்தான் தெரியும்."

மாஸ்டர் நாற்காலியில் குறுகிக்கொண்டார்.

"ஒருத்தர் பேசியிருக்காரு. ஒருத்தர் வாயசைச்சிருக்காரு. விஷயம் தெரியாம, வாயசைச்சவருக்கே இத்தனை வருஷமா சோறு போட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பேசினவரு பட்டினி."

முதலில் நர்ஸம்மா சிரித்தார். அப்புறம் மாடிக்காரரின் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் அரங்கமே சிரித்தது, அழுதுகொண்டிருந்தவர்கள் அழுத மூக்கோடு சிரித்தார்கள். அந்த வாரத்தில் அந்த மாடியில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவள் அந்த அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினாள். "உங்க மாமனாரை நெனச்சு உங்க வீட்டுக்காரர் சொன்னது, எங்கப்பாவுக்கும் அப்படியே பொருந்துச்சும்மா. நான் சாப்பிடாம கெடந்தப்ப என்னை எழுப்பிச் சாப்பிட வெச்சது அவர்தான். நன்றி சொல்ல அப்ப ஆள் தெரியல. இப்ப சொல்லிக்கறேன்." அந்த அம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

திரும்பும்போது அவள்தான் வேனை ஓட்டினாள். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்து சீட்டு.

"அந்தப் பொய் ஒண்ணத்தான் என்னால தாங்க முடியல" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. "முகத்தைப் பாத்துச் சொன்னீங்களே."

"அது ஒண்ணாவது என்னோடதா இருக்கணும்னு ஆசைப்பட்டுட்டேம்மா. தப்புத்தான்."

"லைட்டைப் போட்டது நீங்கதானே? பக்கத்துல வந்து உக்காந்ததும் நீங்கதானே? போதும் விடுங்க."

மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. "பட்டினின்னு சொன்ன பாரு! எங்கே நிறுத்தணுமோ அங்கே நிறுத்தி... அதெல்லாம் யார்கிட்ட கேட்டது?"

"யார்கிட்டயும் கேக்கல. தினமும் வேன்ல பிள்ளைங்ககிட்ட பேசற மாதிரிதான் பேசினேன். அதுங்க சிரிக்கிற சிரிப்புல வண்டியே ஆடும்."

"இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு தடவைகூட நீ அப்படிப் பேசினதில்லையே?"

"நீங்க எங்கே பேச விட்டீங்க?" என்றாள் அவள்.

மாஸ்டர் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நல்ல ஜோக், மாடிக்காரருடையது, அந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தக்கூடியது. அதை விழுங்கிக்கொண்டார்.

"சரி, சொல்லு" என்றார். "கேக்கறேன்."